பேரி மரத்தில் துணிப்பழம்

எங்கள் வெள்ளிக்கொம்பு மலையில் சடையாண்டி என்று ஒரு லைன்மேன் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பார்க்கிற சாமியாரிடமெல்லாம் போனார்.

"எம் பொண்டாட்டி செத்துப்போயிட்டா சாமி. அவ எங்க போயிட்டா?"

பதிலுக்கா பஞ்சம்? ஒருவர் ஆகாயத்தைக் காட்டினார். ஒருவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் தூங்குகிறார் என்று தெரிந்தது. சடையாண்டி எல்லாரையும் கும்பிட்டுவிட்டு, போன மாதிரியே திரும்பி வந்தார்.

கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று கனியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு வந்தார். அங்கே மங்கையர்க்கரசி உட்கார்ந்து துணியில் பழம் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அவள் அரசி. சடையாண்டிக்கு மகள் வயதுதான் இருக்கும். வயதில் சின்னவள் என்பதால் 'அவள்' என்று சொல்கிறேன். அதை வைத்து மரியாதையை அளக்க வேண்டாம். மனசு உடைந்து போனவர்கள் இந்த மலையில் அவளிடம்தான் போவார்கள்.

சடையாண்டி கேட்டார்.

"தாயி, அவ எங்க போயிட்டா?"

அரசி நிமிர்ந்து பார்த்தாள். ஊசியையும் நூலையும் நீட்டினாள்.

"இதைக் கோத்துக் குடுங்கய்யா. எனக்குக் கண்ணு மங்குது."

அவளுக்குக் கண் நன்றாகவே தெரியும். சடையாண்டி ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கோத்துக் கொடுத்தார்.

"அடேயப்பா, ஒரே தடவையில கோத்துட்டீங்களே. நாளைக்கும் வாங்க. நவராத்திரி வருது. பழம் பத்தாது."

இந்தப் பழ விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைப் பழமெல்லாம் ஆவணியோடு முடிந்துவிடும். புரட்டாசிக் காற்று அடித்தால் கோயில் முற்றத்துப் பேரி மரம் இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். நவராத்திரி வருவதோ அப்போதுதான். கனியம்மன் என்று பெயர் வைத்துவிட்டு அவளை வெறும் மரத்தடியில் உட்கார வைக்க யாருக்கு மனசு வரும்? அதனால் ஃபெல்ட் துணியில் பழம் தைத்து அந்த மரத்தில் கட்டுவோம். கம்பளியை வெந்நீரில் நனைத்து, அடித்து, அட்டை மாதிரி ஆக்கிய துணிதான் ஃபெல்ட். வெட்டினால் நூல் பிரியாது. பேரிக்காய், ப்ளம்ஸ், ஆரஞ்சு, மாதுளை, எல்லாம் ஒரே மரத்தில் காய்க்கும். விஜயதசமி அன்று அவிழ்த்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவோம். அவரவர் அதை அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பார்கள். அடுத்த நவராத்திரி வரை பானை வற்றாது என்று ஒரு நம்பிக்கை.

மறுநாள் சடையாண்டி வந்தார். அரசி மஞ்சள் ஃபெல்ட்டில் இதழ் இதழாக வெட்டி வைத்திருந்தாள். நீளமான இதழ்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தால் பேரிக்காய் வரும். ஒரு வாயை மட்டும் திறந்து வைத்து, உள்ளே அடைத்து, கடைசியில் மூட வேண்டும்.

சடையாண்டி தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் பல்லைக் கடித்து நூலை இழுத்தார். பேரிக்காய் சுருங்கிப்போய் இஞ்சி மாதிரி வந்தது.

அரசி வாங்கிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன்ய்யா, கரண்டுக் கம்பியா இழுத்துக் கட்டுறீங்க?"

"லூசா விட்டா அறுந்துரும் தாயி."

"காத்துல ஆடி அறுந்துபோறது கம்பிதான். பழத்த ஏன் முறுக்குறீங்க? நூலுக்குக் கொஞ்சம் மூச்சு விடுங்க."

அவர் பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். அன்று பொழுது சாயத் தொடங்கியதும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அவசரமாக எழுந்தார்.

"நான் வாரேன் தாயி."

"இன்னும் வெளிச்சம் இருக்கே?"

"இருக்கட்டும். நான் போகணும்."

அவர் ஏன் அப்படி ஓடினார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு கார்த்திகைச் சாயங்காலம் பேய்க்காற்று அடித்தது. மரம் விழுந்து லைன் அறுந்து மலை முழுக்க இருட்டாகிவிட்டது. மேட்டுக்காட்டுக்குப் போகிற கம்பத்தில் மழையோடு மழையாக ஏறி சடையாண்டி கம்பியைச் சேர்த்தார். இறங்கி, டிரான்ஸ்பார்மர் மேட்டில் நின்று சுவிட்சைப் போட்டார். கீழே வீடு வீடாக விளக்கு எரிந்தது. தன் வீட்டு விளக்கும் எரிவதைப் பார்த்தார். மனைவி சீனியம்மாள் உலை வைத்திருப்பாள் என்று சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தார்.

வந்து பார்த்தால் அவள் அடுப்படியில் விழுந்து கிடந்தாள். விளக்கு வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டிருந்தது.

அன்றிலிருந்து விளக்கு எரிகிற நேரத்தை அவர் பார்ப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். மலைக்கெல்லாம் விளக்குக் கொடுத்த மனுஷன்!

சில நாளில் அவர் கைக்குப் பேரிக்காய் வசப்பட்டது. அடைக்கிற நாள் வந்தது. சடையாண்டி கடையிலிருந்து ஒரு பை நிறைய இலவம் பஞ்சு வாங்கி வந்திருந்தார். பழத்தை அடைத்து, மூடி, அரசியிடம் கொடுத்தார்.

அரசி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கட்டையில் வைத்தாள். மலைக் காற்று வந்து அதை உருட்டிக் கீழே தள்ளியது. இன்னொரு பழத்தை அதே இடத்தில் வைத்தாள். அது அசையவில்லை.

"இது யாரு தச்சது?" என்று சடையாண்டி கேட்டார்.

"நான் தச்சது."

"உள்ள என்ன?"

"என் கல்யாணப் புடவை."

சடையாண்டி பதறிவிட்டார்.

"ஐயய்யோ! மாப்பிள்ளை தவறிட்டாரா தாயி?"

"அவருக்கென்ன, மதுரையில நல்லாத்தான் இருக்காரு. வேற குடும்பத்தோட."

சொல்லிவிட்டு அவள் கத்தரியை எடுத்துப் பச்சை ஃபெல்ட்டில் ஒரு இலை வெட்டினாள். இலைக்கு நரம்பு தைத்தாள்.

எங்கள் அம்மனுக்கு இதில் இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, பழத்துக்குள் அடைப்பது உடுத்திப் பழகிய துணியாக இருக்க வேண்டும். ஓடையில் துவைத்து, வெயிலில் காயவைத்து, சின்னச் சின்னதாக வெட்டி அடைக்க வேண்டும். கோயிலுக்குப் போய் உடுத்தின துணியா என்று சமவெளியில் இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், எங்கள் அம்மன் சுளித்ததில்லை. இரண்டாவது, தைத்தவர் தனக்கென்று ஒரு பழம்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது.

"வீட்டுல உடுத்தின துணி ஏதும் இல்லையாய்யா?" என்று அரசி கேட்டாள்.

"இல்ல."

"சரி."

அவர் இலவம் பஞ்சுப் பையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"இருக்கு தாயி. ஒரு டிரங்குப் பெட்டி நெறைய அவ சேலை இருக்கு. ஓடையில அலசினா அவ வாசம் போயிரும்."

"தினமும் மோந்து பாக்குறீங்களா?"

"இல்ல. அவ போனதுலருந்து நான் பெட்டியத் தொறந்ததே இல்ல."

"அப்ப அந்த வாசம் யாருக்கு இருக்கு?"

சடையாண்டி அன்று பொழுது சாய்வதற்கு வெகு நேரம் முன்பே போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். மேலே இருந்த நூல் சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாராம். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. அடுத்த சேலையிலும் அந்துருண்டை. அடியில் கிடந்ததிலும் அதேதான். சீனியம்மாளின் வாசம் எப்போதோ போயிருந்தது. அவர் காவல் காத்ததெல்லாம் ஒரு கடை உருண்டையின் நாற்றத்தை. "மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் அழுதேன், குழந்தை மாதிரி அழுதேன்" என்றார்.

ஒரு சேலையின் முந்தானையில் முடிச்சு ஒன்று இருந்தது. தடவிப் பார்த்ததும் என்னவென்று தெரிந்துவிட்டது. ஃபியூஸ் கம்பி. ஊருக்கெல்லாம் லைன் பார்க்கிற புருஷன், தன் வீட்டில் ஃபியூஸ் போனால் வந்து சேர நேரமாகும். அதனால் அவளே முந்தானையில் கம்பி முடிந்து வைத்திருந்து, அவளே போட்டுக்கொள்வாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் குறைப்பட்டதில்லை.

மறுநாள் ஓடையில் சேலைகளை அலசினார். அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

காய்ந்ததும் கொட்டகைக்குக் கொண்டு வந்தார்.

"தாயி, இந்த முடிச்ச அவுக்கணுமா?"

"அவுக்கணும்னு தோணுதா?"

"தோணல."

"அப்படியே வெச்சுத் தைங்க."

முடிச்சை முந்தானையோடு வெட்டி ஒரு பேரிக்காயின் நடுவில் வைத்தார். சுற்றிலும் சேலைத் துண்டுகளை அடைத்தார். இந்த முறை நூலை இழுக்கவில்லை. மேலே காம்புக்கடியில் ஊசியை இறக்கிக் கீழே வாங்கி, லேசாகச் சுண்டியதும் பழத்தின் தலையில் ஒரு குழி விழுந்தது. கையில் வைத்துப் பார்த்தார். அது கனத்தது.

"பழம் மாதிரியே கனக்குதே தாயி!"

அரசி பழத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் கண்ணிலும் அந்த வியப்பு இருந்தது. எத்தனை பழம் தைத்தவள்! ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது புதுசுதான் போல.

அதன்பிறகு சடையாண்டி பெட்டி காலியாகும் வரை தைத்தார். கொட்டகைக்குத் தைக்க வரும் பெண்களுக்கு அடைக்கத் துணி போதாமல் போகும். "அய்யா, ஒரு கை துணி குடுங்க" என்பார்கள். முதல் நாள் அவர் முகம் சுண்டியது. அப்புறம் அள்ளிக் கொடுத்தார். யார் தைத்த பழமானாலும் அதற்குள் சீனியம்மாளின் சேலையில் ஒரு துண்டாவது போனது.

ஒரு நாள் கேட்டார்.

"உள்ள இருக்கிறது அவ சேலைன்னு பாக்குறவங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு தாயி இம்புட்டும்?"

"எந்தப் பழத்துலய்யா உள்ள இருக்கிறது வெளிய தெரியுது?"

நவராத்திரிக்கு முன்தினம் மரத்தில் கட்டுகிற வேலை. அதற்குச் சடையாண்டியை விட்டால் யார்? ஏணி போட்டு ஏறி, கொம்பு கொம்பாகக் கட்டினார். அன்று ஒரே மூடுபனி. அவர் முகமே எங்களுக்குத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிப் பழம் வாங்கிக்கொண்டார். மறுநாள் விடிந்த பிறகும் பனி விலகவில்லை. நாங்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றோம். பூசாரி மணி அடித்தார்.

அப்போது காற்று வந்தது. பனி மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. முதலில் உச்சிக் கொம்பில் ஒரு மஞ்சள். பிறகு சிவப்பு. பிறகு ஆத்தாடி, என்னத்தைச் சொல்ல! தன் இலை ஒன்றுகூட இல்லாத மரம், அடிக்கொம்பிலிருந்து நுனி வரை பழமாகப் பழுத்து நின்றது. கைக்குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன. வருஷா வருஷம் பார்க்கிற மரம்தான். உள்ளே இருப்பது கந்தல் துணி என்று தெரியும். தெரிந்தும் என் கை தானாகக் கும்பிட்டது.

ஒரு அணில் ஓடிவந்து ஒரு மாதுளையை முகர்ந்தது. பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம். அப்போதுதான் எல்லாரும் சிரித்து மூச்சு விட்டோம்.

சடையாண்டி சிரிக்கவில்லை. வாய் திறந்தபடி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயதசமி வந்தது. கட்டியவரே அவிழ்த்துக் கொடுப்பது வழக்கம். சடையாண்டி ஏணியில் ஏறுவார், பறிப்பார், இறங்கிக் கொடுப்பார். வாங்க வந்தவர்களின் வீடெல்லாம் அவர் கம்பி இழுத்த வீடுகள்தான். பாலத்தடி வீட்டுக்கு ஒரு ஆரஞ்சு. மில்லுத் தெருவுக்கு ப்ளம்ஸ். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டுக்கு மாதுளை. பழத்தை மடியில் வாங்கிக்கொண்டு சனங்கள் மலையின் எல்லாப் பாதையிலும் இறங்கிப் போனார்கள்.

உச்சிக் கொம்பிலிருந்து முடிச்சு வைத்த பேரிக்காயை அவிழ்த்தபோது மட்டும், அதை அவர் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் பார்த்தேன். அரசியும் பார்த்தாள். நான் வாய் திறக்கப் போனேன். அரசி என்னைப் பார்த்து 'சும்மா இருங்கள்' என்று கையைக் காட்டினாள்.

எல்லாரும் போன பிறகு மூச்சு வாங்க ஒருத்தி ஏறி வந்தாள். மேட்டுக்காட்டுப் பவுனம்மா. கீழே தோட்டத்தில் தேயிலை எடை போட்டுவிட்டு வர நேரமாகிவிட்டது. மரத்தை அண்ணாந்து பார்த்தாள். வெறும் கொம்புதான் இருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

அரசி சடையாண்டியைப் பார்த்தாள். சடையாண்டி தரையைப் பார்த்தார்.

"பரவாயில்ல, எங்க ஊரு தூரம். நான்தான் வெரசா வந்திருக்கணும்." திரும்பப் போனவள் அவரை அடையாளம் கண்டு நின்றாள். "லைன்மேன் அய்யாவா? கும்பிடுறேன்ய்யா. அன்னிக்கு அந்தப் பேய்மழையில எங்களுக்குக் கரண்டு குடுத்தீங்களே. இருட்டுல பயந்துபோய்க் கெடந்தோம். வெளக்கு எரிஞ்சதும் ஊரே வாசல்ல வந்து கை தட்டுச்சுய்யா. ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

சடையாண்டியின் கை சட்டையின் மேல் போனது.

"கை தட்டுனீங்களா?"

"ஆமாய்யா. கெழடு கட்டையெல்லாம் தட்டுச்சு."

அவர் சட்டைக்குள் கையை விட்டார். வெளியே எடுக்க நேரமாயிற்று. எடுத்துக் கொடுத்தார். பவுனம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"உள்ள என்னமோ முடிச்சு மாதிரி இருக்கேய்யா?"

"இருக்கட்டும்மா. பிரிச்சிராத. அரிசிக்குள்ள பத்திரமா வை."

அவள் மேட்டுக்காட்டுப் பாதையில் ஏறிப் போனாள். அவள் தலை மறையும் வரை சடையாண்டி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஆகாயத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்திருந்தது. வழக்கமான அவசரம் வந்துவிட்டது.

"நான் வாரேன் தாயி."

"உச்சிக் கொம்புல ஒரு கயிறு தொங்குதுய்யா. அத அவுத்துட்டுப் போயிருங்க."

"நாளைக்கு அவுக்கலாமே."

"அம்மன் மரத்துல ராத்திரி கயிறு தங்கக் கூடாது."

அப்படி ஒரு கட்டுப்பாடு எனக்குத் தெரிந்து எங்கள் கோயிலில் இல்லை.

சடையாண்டி ஏணியில் ஏறினார். உச்சிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். இறங்கத் திரும்பியபோது பாலத்தடியில் ஒரு விளக்கு எரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கம் மில்லுத் தெரு இருந்தது. அங்கே வரிசையாக எரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அந்த ஓட்டு வீட்டில் எரிந்தது. ஓடைக்கரையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீடுகளில், சரிவில், வளைவில், மலை முழுக்க, பழம் போன வீடுகளிலெல்லாம் விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. அவர் கண்ணை மூடவில்லை, இறங்கவும் இல்லை. நன்றாக இருட்டிய பிறகு, கடைசியாக, மேலே, வெகு தூரத்தில், மேட்டுக்காட்டில் ஒன்று எரிந்தது. பவுனம்மா வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கயிறு அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

ஏணி உச்சியிலிருந்து அவர் குரல் வந்தது. அது சாமியார்களிடம் கேட்ட குரல் இல்லை. ரொம்பச் சின்னதாக இருந்தது.

"தாயி... அவ எங்க போயிட்டா?"

அரசி ஏணியைக் கீழே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க எந்த வீட்டுல இருக்கிறவளக் கேக்குறீங்கய்யா?"